முன்னோரைத் தேடும் முறை: பழைய குடிக்கணக்குகள் தருவனவும் தாராதனவும்

பாட்டனார் பெயரை நம்மில் பெரும்பாலோர் அறிவர். பூட்டனார் பெயரைக் கேட்டால் வீட்டு முதியோரை நாடுகிறோம். அதற்கும் மேலே சென்றால், ‘நம்மவர்கள் செஞ்சிச் சீமையிலிருந்து வந்தவர்கள்’, ‘வந்தவாசிப் பக்கம் நமக்குப் பூர்வீகம்’ என்பன போன்ற ஒரு சொல்லோடு செய்தி நின்றுவிடுகிறது. ஊரில் வாழ்ந்த காலத்தில் இது பெருங்குறையாகத் தோன்றவில்லை. யார் எவருடைய பங்காளி, யார் எவருக்குச் சம்பந்தி என்பதை ஊரே நினைவில் வைத்திருந்தது. இன்றோ மேல்சித்தாமூர், பெருமண்டூர், வீடூர், விழுக்கம், பொன்னூர், கரந்தை முதலிய ஊர்களைச் சார்ந்த குடும்பங்கள் சென்னையிலும் புதுவையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் பரவியுள்ளன. நினைவில் வைத்திருந்த முதியோரும் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். ஆகவே, ‘நம் முன்னோர் யாவர்?’ என்னும் வினாவிற்கு ஏடுகளில் விடை தேடவேண்டிய நிலைக்கு நாம் வந்துள்ளோம்.

இவ்வாறு தேட முற்படுவோர் முதலில் நினைப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே. ‘1871 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று எழுதினார்களே, அதில் நம் பூட்டனார் பெயர் இராதா?’ என்று இளைஞர் பலர் கேட்கின்றனர். நியாயமான வினாவே. அதற்குரிய விடையையும், அவ்விடையிலிருந்து நாம் மேற்கொள்ள வேண்டிய வழியையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரைக் காத்த நாடுகள்

இங்கிலாந்தில் 1841ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தோர் பெயரும் வயதும் தொழிலும் எழுதப்பட்ட தாள்கள் பேணப்பட்டு வருகின்றன. நூறாண்டு கடந்தபின் அவற்றை எவரும் பார்க்கலாம். 1921ஆம் ஆண்டின் தாள்கள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டன. அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கடந்தபின் திறப்பது வழக்கம். 1950ஆம் ஆண்டின் கணக்கு 2022 ஏப்ரலில் வெளியாயிற்று. அந்நாடுகளிலும் இழப்புகள் இல்லாமலில்லை. இங்கிலாந்தின் 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942இல் தீக்கு இரையாயின. ஆயினும் பொதுவாக நோக்கின், அங்கே குடும்ப வரலாறு எழுதுவோர்க்கு முதல் துணை குடிக்கணக்கே ஆகும். நம் பிள்ளைகள் அந்நாட்டு நூல்களைப் படித்துவிட்டு இங்கும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணுவது இயல்பு.

நம் நாட்டில் நிகழ்ந்தது

நம் நாட்டு நிலைமை வேறு. கணக்கெடுப்போர் வீடு வீடாக எழுதிய தாள்களும், அவற்றிலிருந்து பெயர்த்தெழுதிய சீட்டுகளும், எண்ணி அட்டவணைப்படுத்தி முடிந்தபின் பேணிக் காக்கப்படவில்லை. மக்களை எண்ணுவதே ஆங்கில அரசின் நோக்கம்; பெயர்கள் அதற்கு வேண்டியிருக்கவில்லை. விடுதலைக்குப் பின்னர் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கணக்கெடுப்பு அலுவலர் எழுதிய ஏடுகளைப் பார்வையிட எவருக்கும் உரிமை இல்லை என விதிக்கிறது. மக்கள் அச்சமின்றி உண்மை கூறவேண்டும் என்பதற்காக அமைந்த பாதுகாப்பு அது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்படும் என்னும் கால வரையறையும் அச்சட்டத்தில் இல்லை.

இதற்குச் சிறு விலக்கு ஒன்றுண்டு. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது, சீட்டுகளிலிருந்து பெயர்களைப் பெயர்த்து ஊர்வாரியாகத் தேசியக் குடிமக்கள் பதிவேடு எழுதப்பட்டது. அஸ்ஸாம் மாநிலத்தில் அவ்வேடு பேணப்பட்டு, 2019 ஆகஸ்டு 31இல் வெளியான புதுப்பித்த பதிவேட்டுக்குரிய சான்றுகளுள் ஒன்றாயிற்று. பழைய ஏட்டில் பாட்டனார் பெயர் இருப்பதும் இல்லாததும் ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி நாட்டுக்கு உணர்த்தியது.

ஆகவே முதற்பாடம் இது: 1871 முதல் 1931 வரையிலான சென்னை மாகாணக் கணக்கெடுப்பு நூல்களில் நம் பூட்டனார் எண்ணப்பட்டிருக்கிறார், ஆனால் பெயர் சொல்லப்படவில்லை. எனினும் அந்நூல்களைப் பயனற்றவை என ஒதுக்குவதும் பிழையாகும். முன்னோர் வாழ்ந்த சூழலை அறிய அவற்றினும் சிறந்த சான்றுகள் குறைவு.

எண்களைப் படிக்கும் முறை

சென்னை மாகாணத்தில் 1851-52 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிக்கணக்கு எடுக்கும் வழக்கம் இருந்தது. அதன்பின் 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கார்னிஷ் என்பாரும், 1881ஆம் ஆண்டினதை மக்கைவரும், 1891ஆம் ஆண்டினதை ஸ்டூவர்ட்டும், 1901ஆம் ஆண்டினதைப் பிரான்சிசும், 1911ஆம் ஆண்டினதை மலோனியும், 1921ஆம் ஆண்டினதைப் போகும், 1931ஆம் ஆண்டினதை ஈட்சும் தொகுத்தனர். இவர்கள் பெயரைக் கொண்டு நூலகங்களில் அத்தொகுதிகளைக் கேட்டுப் பெறலாம். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையத்தின் மின் நூலகத்திலும் பழைய அறிக்கைகள் பார்வைக்குக் கிடைக்கின்றன. பழைய தமிழ் ஆவணங்களில் இக்கணக்கெடுப்பு ‘கானேசுமாரி’ என்னும் பாரசீகச் சொல்லால் குறிக்கப்பட்டிருக்கும்; அச்சொல்லையும் நினைவிற் கொள்க.

இந்நூல்களைப் படிப்போர் நான்கு செய்திகளில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

முதலாவது, மாகாண எல்லை. சென்னை மாகாணத்து ஜைனர் தொகை எனக் காட்டப்படும் எண்ணில் தென்கன்னட மாவட்டத்துத் துளு, கன்னட ஜைனரும் அடங்குவர். எனவே மாகாணத் தொகையைத் தமிழ்ச் சமணர் தொகையாகக் கொள்ளலாகாது. தென்னார்க்காடு, வடவார்க்காடு, செங்கற்பட்டு ஆகிய மாவட்டங்களின் எண்களைத் தனித்தனியே பார்த்தல் வேண்டும். பிற்காலத் தொகைகளிலும் இதே சிக்கல் வேறு உருவில் உண்டு. தமிழ்நாட்டு ஜைனர் தொகை 2001இல் 83,359, 2011இல் 89,265. வடநாட்டிலிருந்து வந்து வணிகம் புரிவோரும் இவ்வெண்களில் உளர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் எத்தனை பேர் என்பது சமய அட்டவணையில் தனியே காட்டப்படவில்லை.

இரண்டாவது, மாவட்ட எல்லை. இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள வந்தவாசி, போளூர், ஆரணிப் பகுதிகளைப் பழைய நூல்களில் வடவார்க்காட்டில் தேடவேண்டும். அம்மாவட்டம் 1989 செப்டம்பரிலேதான் பிரிந்தது. திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் ஆகியன 1993 செப்டம்பர் வரை தென்னார்க்காட்டைச் சார்ந்தவை. அப்பாண்டைநாதர் எழுந்தருளியுள்ள திருநறுங்கொண்டை, தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரத்துக்கும், 2019இல் அங்கிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் மாறியது. ஊர் நகரவில்லை, ஏடு நகர்ந்தது. தேடுவோர் ஏட்டின் பின்னே செல்லவேண்டும்.

மூன்றாவது, எழுத்து வேறுபாடு. ஆங்கில ஏடுகளில் வந்தவாசி ‘வாண்டிவாஷ்’ என்றும், செஞ்சி ‘ஜிஞ்ஜி’ என்றும், காஞ்சிபுரம் ‘கன்ஜீவரம்’ என்றும், செங்கற்பட்டு ‘சிங்கிள்புட்’ என்றும் காணப்படும். சித்தாமூர் சகரத்துக்கு ஒரு முறையிலும் வேறொரு முறையிலும் எழுதப்பட்டிருக்கும். நயினார் என்னும் சொல்லுக்கே பல எழுத்துக் கோவைகள் உண்டு. ஓர் எழுத்து முறையில் கிடைக்கவில்லை என்று ஏட்டை மூடிவிடக் கூடாது.

நான்காவது, பட்டப்பெயர். தமிழ்ச் சமணர் நயினார், உடையார் என்று மட்டுமன்றி முதலியார், செட்டியார், ராவ், தாஸ் என்றும் வழங்கப்பட்டனர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குங்கால் அவருக்குப் பொருள் விளக்கம் கூறி உதவிய கும்பகோணத்துச் சமணப் பெரியார் சந்திரநாத செட்டியார் ஆவார். தென்னார்க்காட்டில் நயினாராக இருக்கும் குடும்பத்தின் கிளை காவிரிக்கரையில் செட்டியாராகவோ முதலியாராகவோ இருத்தல் கூடும். மறுதலையாக, நயினார் என்னும் பெயர் சமணரல்லாத சிலரிடத்தும், முஸ்லிம்களிடத்தும் வழங்குகிறது. எனவே பட்டப்பெயர் ஒன்றை மட்டுமே கொண்டு உறவை முடிவு செய்தல் தகாது. ஊர், தொழில், குலதெய்வம், கோயில் உரிமை ஆகியவற்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. செஞ்சியை ஆண்ட தலைவன் ஒருவனின் கொடுமைக்கு அஞ்சி, 15ஆம் நூற்றாண்டில் சமணர் பலர் திருநீறு பூசிச் சைவராயினர் என்றும், பின்னர் ஒரு பகுதியினர் மீண்டும் தம் அறத்துக்குத் திரும்பினர் என்றும் வழிவழிச் செய்தி கூறும். பிரான்சிஸ் தொகுத்து 1906இல் வெளியான தென்னார்க்காட்டு மாவட்ட விவரச்சுவடியிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. திரும்பாது நின்றோர் நீறுபூசி வேளாளர் எனப் பெயர் பெற்றனர். ஆதலின் ஓர் ஊரில் ஜைனர் என எண்ணப்பட்டோரும், அவ்வூரிலேயே வேளாளர் என எண்ணப்பட்டோரும் ஒரு காலத்தில் ஒரே குடும்பத்தவராக இருந்திருக்கலாம். முன்னோரைத் தேடுவோர் இதனைப் பகையுணர்வின்றி ஏற்கும் மனநிலையோடு புறப்படுதல் நலம்.

எண்கள் விளக்கும் குடும்பச் செய்திகள்

‘எங்கள் குடும்பத்தில் ஒரு கிளை அறவே இல்லாமற் போயிற்று, காரணம் தெரியவில்லை’ எனப் பல வீடுகளில் கூறக் கேட்கிறோம். அக்கிளை மறைந்த காலத்தைக் குடிக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விளக்கம் கிடைப்பதுண்டு.

1871இல் ஏறத்தாழ 3 கோடியே 12 இலட்சமாக இருந்த சென்னை மாகாண மக்கள்தொகை, 1881இல் ஏறத்தாழ 3 கோடியே 8 இலட்சமாகக் குறைந்தது. பெருக வேண்டிய தொகை குறைந்ததற்குக் காரணம் 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சம். நம் முதியோர் அதனைத் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்பர். 1876-77ஆம் ஆண்டே தாது ஆண்டாகும். அவ்வாறே 1911க்கும் 1921க்கும் இடையில் இன்றைய இந்தியப் பரப்பின் மக்கள்தொகை 25.21 கோடியிலிருந்து 25.13 கோடியாகச் சுருங்கியது. 1918ஆம் ஆண்டு விஷக்காய்ச்சல் அதற்குப் பெருங்காரணம். ஒரு பாட்டனார் 1918ஐ ஒட்டி இளமையிலேயே இறந்தார் என்றோ, ஒரு குடும்பம் 1877ஐ ஒட்டி ஊரைவிட்டுப் பெயர்ந்தது என்றோ அறியின், அது ஒரு வீட்டின் தனித்துயரம் அன்று என்பது புலப்படும். குடும்பச் செய்தி கால வரலாற்றில் தன் இடத்தைப் பெறுகிறது. எண்கள் நமக்குச் செய்யும் பேருதவி இதுவே.

பெயர்கள் உறையும் ஏடுகள்

குடிக்கணக்கு காவாத பெயர்களைப் பிற ஏடுகள் காத்துள்ளன. நம் சமூகம் பெரும்பாலும் நிலவுடைமையைச் சார்ந்து வாழ்ந்தமையால், நில ஏடுகளே நமக்குத் தலையாய சான்றாகும்.

இன்றைய பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு ஆகியவற்றிலிருந்து தொடங்குக. அவற்றுக்கு முந்தியது, 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் பதிவேடு. அதற்கும் முந்தியன மறு நிலவரித்திட்டப் பதிவேடும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட முதல் நிலவரித்திட்டப் பதிவேடும் ஆகும். ஒவ்வொன்றிலும் புல எண்ணுக்கு நேரே உடையவர் பெயர் இருக்கும். புல எண்கள் காலந்தோறும் மாறியிருக்கும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் பட்டியலைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். இல்லையேல் அயலார் நிலத்தை நம் முன்னோர் நிலமாகக் கொள்ள நேரும்.

கோயில், மடம், ஊழியம் ஆகியவற்றுக்காக மானியம் பெற்ற குடும்பங்களுக்கு மற்றொரு நற்பேறு உண்டு. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து எழுதிய பதிவேட்டில், அனுபவிப்போர் பெயர், வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் உறவு ஆகியன பதிவாகியுள்ளன. ஜினாலயங்களில் பூசை ஊழியம் புரிந்த உபாத்தியாயர் குடும்பத்தினர் இவற்றை அவசியம் பார்க்க வேண்டும். இவை சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடத்தக்கவை.

பத்திரங்கள் அடுத்த சான்று. அவற்றுள்ளும் பாகப்பிரிவினைப் பத்திரம் தனிச்சிறப்புடையது. கிரயப் பத்திரம் விற்றவர், வாங்கியவர் பெயர்களையும் அவர்தம் தந்தையர் பெயர்களையும் தரும். பாகப்பிரிவினைப் பத்திரமோ உடன்பிறந்தார் அனைவரையும், சில இடங்களில் இறந்த சகோதரரின் மக்களையும் வரிசையாகச் சொல்லிவிடும். ஒரே தாளில் ஒரு தலைமுறை முழுவதும் அடங்கிவிடுகிறது. வீட்டுப் பெட்டியில் இல்லையெனில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் பார்த்துப் படி பெறலாம்.

பிறப்பு இறப்புப் பதிவுகள் ஊர்களில் கிராம முன்சீப்பால் எழுதப்பட்டு வந்தன. கணக்குப்பிள்ளை, முன்சீப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டபோது ஏடுகள் கைமாறின. ஆதலின் ஊரில் இல்லை என்றவுடன் மனம் தளராது வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்டல் வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தை பெயர், பிறந்த தேதி, சமயம் ஆகியன இருக்கும். நூறாண்டு கடந்த பள்ளிகளில் இவை பெரும் பயன் தரும்.

வாக்காளர் பட்டியல், வடிவத்தில் குடிக்கணக்கையே ஒத்தது. வீட்டு எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது என்னும் வரிசையில் ஒரு வீட்டில் இருந்த வயதுவந்தோர் அனைவரையும் அது காட்டும். 1951-52 முதற் பொதுத்தேர்தலிலிருந்து வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை உண்டாதலின், பெண்கள் பெயரும் பெருமளவில் ஏடேறியது அப்போதேயாகும். 2025 இறுதியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, தமிழ்நாட்டில் பலர் 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேட நேர்ந்தது. பழைய ஏட்டின் அருமை அப்போது பலருக்கும் விளங்கியிருக்கும்.

இறுதியாக ஓலைச்சுவடிகள். ஏடு எழுதியோர் அதன் இறுதியில் ஆண்டு, மாதம், நாள், தம் பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றைக் குறிப்பது மரபு. வீட்டில் ஒரே ஒரு சுவடி இருப்பினும் அதன் கடைசி ஓலையைப் பார்த்துவிடுக. ஆண்டு, அறுபதாண்டு வட்டத்தின் பெயரால் குறிக்கப்பட்டிருக்கும். பிரபவ என்றிருப்பின் அது 1867, 1927, 1987 ஆகியவற்றுள் ஒன்றாகலாம். அதற்கு முந்திய வட்டமாகவும் இருக்கலாம். வேறு சான்று கொண்டே வட்டத்தைத் தெளிதல் வேண்டும். காஞ்சியைச் சூழ்ந்த ஊர்களைச் சார்ந்தோர்க்கு மேலும் ஒரு வாய்ப்பு உண்டு. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்பார் செங்கற்பட்டுச் சீமையில் ஊர்தோறும் வீடுகளையும் நிலங்களையும் கணக்கெடுத்தார். அக்காலத்து ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

பின்னோக்கிச் செல்லும் படிகள்

தேடலின் அடிப்படை விதி ஒன்றே: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க. தொலைவில் உள்ள புகழ் பெற்ற ஒருவரை முன்னோராக நினைத்துக்கொண்டு அவரிடமிருந்து நம்மை நோக்கி இறங்கி வருதல் பெரும் பிழைக்கு வழிவகுக்கும்.

எடுத்துக்காட்டாக, 1940இல் திண்டிவனம் வட்டத்தில் பிறந்த ஒருவரின் குடும்பத்தைக் கொள்வோம். அவர் நினைவால் தந்தை, பாட்டன் ஆகிய இருவரை அறியலாம். பாட்டனார் பெயரில் ஒரு கிரயப் பத்திரம் இருப்பின் அதில் பூட்டனார் பெயர் கிடைக்கும். பூட்டனார் பெயரைக் கொண்டு மறு நிலவரித்திட்டப் பதிவேட்டில் புல எண்ணைத் தேடலாம். அப்புல எண்ணின் பழைய எண்ணைக் கொண்டு முதல் நிலவரித்திட்டப் பதிவேட்டைப் பார்த்தால் ஓட்டனார் பெயர் வெளிப்படக்கூடும். மானிய நிலமாயின் இனாம் பதிவேடு 1860களுக்கு இட்டுச் செல்லும். அங்கே 45 வயது எனக் குறிக்கப்பட்டவர் 1815 முதல் 1820 வரையிலான காலத்தில் பிறந்தவராவார். தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு எனக் கணக்கிட்டு, கிடைத்த பெயர்கள் காலத்துக்குப் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். இரு பெயர்களுக்கு இடையே 60 ஆண்டு இடைவெளி காணின், நடுவே ஒரு தலைமுறை விடுபட்டுள்ளது எனக் கொள்க.

நம் பெயரிடும் மரபு இதில் துணையும் ஆகும், இடையூறும் ஆகும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவதால், ‘சாந்திநாதன் மகன் விருஷபதாசன்’, ‘விருஷபதாசன் மகன் சாந்திநாதன்’ என்று ஈர் பெயர்களே மாறிமாறி வரும். மேலுள்ள தலைமுறையின் பெயரை முன்கூட்டியே ஊகிக்க இது உதவும். ஆயினும் ஐம்பது ஆண்டு இடைவெளியில் வாழ்ந்த ஒரே பெயருடைய இருவரை ஒருவராகக் கொள்ளும் மயக்கமும் இதனாலேயே நேரும். அன்றியும் ஒரே பாட்டனின் பேரர் நால்வர் ஒரே பெயர் தாங்குதல் இயல்பு. பெயரோடு தந்தை பெயர், ஊர், நிலம் ஆகிய மூன்றும் ஒத்தால் அன்றி உறுதி கொள்ளலாகாது. அப்பாண்டை என்னும் பெயர் ஒரு குடும்பத்தில் தொடர்ந்து வருமாயின், திருநறுங்கொண்டைத் தொடர்பு உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். அது குறிப்பேயன்றி முடிவன்று.

வயதையும் அப்படியே நம்பிவிடலாகாது. பழைய ஏடுகளில் 30, 35, 40, 50 என முழு எண்களாகவே பெரும்பாலும் இருக்கும். பிறந்த ஆண்டு அறியாதோர் உத்தேசமாகக் கூறியவை அவை. ஐந்தாண்டு முன்பின்னாகக் கொள்வதே தக்கது.

மறைந்த தாய்வழி

மேற்கூறிய ஏடுகள் பெரும்பாலும் ஆடவர் பெயரையே தருவன. நிலம் ஆடவர் பெயரில் இருந்தது. தந்தை பெயரே மகனுக்கு அடையாளமாயிற்று. ஆகவே ஐந்து தலைமுறை ஆண்வழியை எழுதி முடித்த குடும்பத்திலும், பூட்டியார் பெயர் என்ன, அவர் எவ்வூரிற் பிறந்தார் என்று கேட்டால் விடை இராது. நம் முன்னோரில் சரிபாதியினரை நாம் இழந்திருக்கிறோம் என்பதை உணரவேண்டும்.

இக்குறையை நிறைக்கச் சில வழிகள் உண்டு. பெண்ணுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த தான செட்டில்மென்டுப் பத்திரங்கள் அவர் பெயரையும் பிறந்தகத்தையும் கூறும். கணவன் மறைந்தபின் நிலத்தைக் காத்த மூதாட்டியர் பெயர் பட்டாவில் ‘இன்னார் மனைவி’ என்று காணப்படும். ஜினாலயத்துக்கு அளித்த விளக்கு, மணி, பாத்திரம் ஆகியவற்றில் பெயர் பொறிக்கப்பட்டிருக்கலாம். பழைய திருமண அழைப்பிதழ்கள் இரு குடும்பத்து ஊர்களையும் பெரியோரையும் ஒருங்கே காட்டும். அவற்றைப் பழந்தாள் எனக் கழித்துவிடலாகாது. எல்லாவற்றினும் மேலாக, வீட்டு மூதாட்டியரை இன்றே அமர்த்திக் கேட்டு எழுதுக. தாயின் தாய், அவர்தம் தாய் எனக் கேட்டுச் செல்லின், எந்த ஏட்டிலும் இல்லாத மூன்று நான்கு பெயர்கள் அவர்கள் நாவிலே உள்ளன.

இனி நாம் செய்யவேண்டுவது

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1.3.2027ஐக் கணிப்பு நாளாகக் கொண்டு நடைபெறும் என 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. 1931க்குப் பின் முதன்முறையாகச் சாதிவாரி விவரமும் அக்கணக்கெடுப்பில் அனைவரிடமும் கேட்கப்படும் என்பது அரசின் முடிவு. சமயம் என்னும் வினாவுக்கு ஜைனம் என்றும், தாய்மொழி என்னும் வினாவுக்குத் தமிழ் என்றும் தெளிவாகக் கூறுவது ஒவ்வொரு குடும்பத்தின் கடமை. எழுதுவோர் பட்டப்பெயரைக் கேட்டுத் தாமாகவே வேறு சமயத்தை எழுதிவிட இடம் தரலாகாது. எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்க. பழைய எண்களில் நம்மைத் தேடும்போது நாம் அடையும் மயக்கம் நம் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டா.

ஆயினும் அக்கணக்கெடுப்பும் எண்ணைத்தான் காக்கும். நம் பெயரை நம் வழித்தோன்றல்களுக்கு எடுத்துக் காட்டாது. எனவே நாமே நம் குடும்பத்துக்கு ஒரு குடிக்கணக்கு எழுதி வைத்தல் வேண்டும். கெட்டி அட்டையிட்ட ஒரு குறிப்பேடு போதும். ஒவ்வொருவருக்கும் கீழ்வரும் விவரங்களை எழுதுக: பெயர், அழைக்கும் பெயர், பிறந்த நாளும் ஊரும், தந்தை, தாய் ஆகிய இருவர் பெயர், தாயின் பிறந்தகம், மணந்த நாளும் துணைவர் ஊரும், தொழில், குடியேறிய ஊர்களும் ஆண்டுகளும், மறைந்தவராயின் மறைந்த நாள். ஒவ்வொரு செய்திக்கும் எதிரே ‘பத்திரம்’, ‘பள்ளிச் சான்று’, ‘பெரியம்மா கூறியது’ என அது கிடைத்த வழியையும் குறித்தல் இன்றியமையாதது. ஐயமுள்ள இடத்தில் ஐயம் என்றே எழுதுக. உயிருடன் இருப்போரின் விவரங்களைக் குடும்பத்துக்கு வெளியே பரப்பாது காக்க. இரண்டு படிகள் எடுத்து ஒன்றைப் பங்காளி வீட்டில் வைத்தால், ஒன்று அழியினும் மற்றொன்று நிற்கும்.

பொங்கலுக்கோ, கோயில் திருவிழாவுக்கோ, திருமணத்துக்கோ உறவினர் கூடும் நாளில் அக்குறிப்பேட்டை நடுவில் வைத்து, முதியோர் சொல்ல இளையோர் எழுதுவது நல்லதொரு வழக்கமாகட்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் ஊருக்கு வந்த கணக்கெடுப்பாளர் நம் வீட்டுப் பெயர்களைக் கேட்டு எழுதினார், அத்தாள் இன்றில்லை. அதே வினாக்களை இன்று நாமே நம் வீட்டில் கேட்டு எழுதிவைத்தால், வருங்காலத் தலைமுறையினர்க்கு அந்த இழப்பு நேராது.